கட்டுப்பாட்டுக் குழு உறுப்பினர்

அக்டோபர் 6, திங்கள்

இன்று காலை எங்கள் நிழற்சோலை முதியோர் இல்லத்துக்கு ஒரு மாணவி வந்தாள். பெயர் ஜெனிஷா. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பயன்பாட்டு உளவியல், முதுகலை இரண்டாம் ஆண்டு. முதியோர் நல்வாழ்வு பற்றி ஆறு வாரம் ஆய்வு செய்கிறாளாம். விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம்.

முதலில் ஒரு வினாத்தாள். ‘என் வாழ்க்கை என் விருப்பப்படி நடக்கிறது’ என்பது போன்ற வாக்கியங்கள். முழுமையாக ஒத்துக்கொண்டால் ஏழு, அறவே இல்லை என்றால் ஒன்று. நான் எல்லாவற்றுக்கும் ஏழு போட்டேன். என் மனைவி உலகம்மாளுக்குக் கண்புரை எடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. கையும் நடுங்கும். அவள் தாளிலும் நானே ஏழு குறித்துக் கொடுத்தேன். அவளைக் கேட்க வேண்டிய தேவை எழவில்லை.

பிறகு ஒரு டிபன் பாக்ஸில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எங்களை இரண்டாகப் பிரித்தாள். உலகம்மாள் இருக்கும் குழு, தினமும் நடந்த நல்ல விஷயங்கள் மூன்றைச் சொல்ல வேண்டும். எழுத முடியாதவர்கள் சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தால் போதும். எங்களுக்கு ஆளுக்கொரு நோட்டு. அட்டையில் அச்சடித்த சீட்டு ஒட்டியிருக்கிறது: கட்டுப்பாட்டுக் குழு. எண் 11.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பஞ்சாலையில் கூலியாகச் சேர்ந்து, டைப்பும் இங்கிலீஷும் தொழிலாளர் சட்டமும் நானாகவே படித்து டைம் கீப்பர் ஆனவன். மில்லில் கேண்டீன் குழு இருந்தது, பாதுகாப்புக் குழு இருந்தது. யார் யாரையோ போட்டார்கள். என்னை ஒரு தடவைகூடப் போடவில்லை. இந்த இல்லத்தில் உணவுக் குழுவில் சேர்க்கும்படி மனுக் கொடுத்தேன். பதில் இல்லை. கடைசியில் எங்கிருந்தோ வந்த ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, யாரை எதில் போடுவது என்று. சீட்டுக் குலுக்கியதெல்லாம் மற்றவர்கள் மனம் நோகாமல் இருக்கத்தான்.

“நடந்ததை மட்டும் எழுதுங்க தாத்தா. மனசுல என்ன தோணுச்சுன்னு எழுத வேண்டாம்” என்றாள்.

“தாத்தா இல்லை. சார்.”

“சரி தாத்தா… சார்.”

அறைக்கு வந்து உலகம்மாளிடம் அட்டையைக் காட்டிப் படித்தேன்.

“கல்யாணம் ஆன நாள்ல இருந்து நீங்க அதுலதான இருக்கிய” என்றாள். பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

சமையற்கட்டைப் பார்வையிட்டேன். பருப்புப் பானை திறந்து கிடந்தது. சமையல்காரி பாப்பாத்தியிடம் ரசத்தில் பெருங்காயம் போட்டாளா என்று விசாரித்தேன்.

“நீங்க யாருய்யா கேக்கதுக்கு?”

“கட்டுப்பாட்டுக் குழு.”

“அப்ப மொதல்ல ஒங்க வாயக் கட்டுப்படுத்துங்க. கரண்டியத் தூக்குறதுக்குள்ள மூணு கேள்வி.”

குறித்துக்கொண்டேன். பெருங்காயம் போடவில்லை.

சாயங்காலம் உலகம்மாளுக்குக் கண் மருந்து விட்டேன். அதன்பின் அவள் தன் பட்டன் போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். நேற்றும் போனாள். நேற்று சீக்கிரம் திரும்பிவிட்டாள். மூக்கு சிவந்திருந்தது.

அக்டோபர் 9, வியாழன்

மழை. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. வார்டன் செல்லத்துரையிடம் எழுத்தில் கொடுத்தேன். வாங்கி மேஜையில் வைத்து அதன்மேல் டீ டம்ளரை வைத்தான்.

அக்டோபர் 13, திங்கள்

உலகம்மாள் தொட்டிப் பக்கம் நின்று போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலிலிருந்து தெரிந்தது. திரும்பி வந்ததும் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

“சொல்லக் கூடாதுன்னு அந்தப் பிள்ள சொல்லியிருக்கு.”

“எனக்குமா?”

“யாருக்கும்னுதான் சொல்லுச்சி. ஒங்களுக்குன்னு தனியாச் சொல்லல.”

நாற்பத்தாறு வருஷத்தில் அவள் என்னிடம் மறைத்த முதல் விஷயம் இதுதான். இது நடந்தது, எனவே எழுதலாம்.

அக்டோபர் 17, வெள்ளி

கட்டுப்பாட்டுக் குழுவின் முதல் கூட்டத்தை நூலக அறையில் கூட்டினேன். என்னோடு சேர்த்து நான்கு பேர். ஒருவர் தவறுதலாக வந்தவர், பேப்பர் படித்துவிட்டுப் போய்விட்டார். குழாய், ரசம், இரவில் கேட் பூட்டும் நேரம், பார்வையாளர் வருகை ஆகியவை பற்றித் தீர்மானம் போட்டோம். நான் முன்மொழிந்தேன், நானே வழிமொழிந்தேன். மற்ற இருவருக்கும் காது மந்தம்.

எதிர் அறை ரத்தினவேல், மூன்று நல்லது சொல்லும் குழுவில் இருக்கிறார். தாசில்தார் ஆபீஸில் இருந்தவர். எதையும் ரகசியமாக வைக்கத் தெரியாதவர். வராந்தாவில் நின்று சத்தமாகவே போனில் சொல்கிறார்: “ஒண்ணு, வயிறு சுத்தமாப் போச்சு. ரெண்டு, பேரன் படம் அனுப்பினான். மூணு, ஆவுடைநாயகம் பிள்ளைக்கு இன்னைக்குத் தொண்டை கட்டியிருக்கு.” ஆவுடைநாயகம் பிள்ளை நான்தான்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

மகள் மீனலோசனி தூத்துக்குடியில் இருக்கிறாள். அவளுக்குக் காய்ச்சல் என்று மாப்பிள்ளை வைரவநாதன் மட்டும் பலகாரமும் புதுத் துணியும் எடுத்துக்கொண்டு வந்தார். உலகம்மாள் கேட் பக்கம் போய்ப் பேசிக்கொண்டிருந்தாள். நான் அறையிலிருந்து வெளியே வரவில்லை.

காரணத்தை எழுதிவைக்கிறேன். அவர் வீடு கட்டும்போது குளியலறைத் தரையில் தண்ணீர் ஓடும் வாட்டம் சரியில்லை என்று கொத்தனாரிடம் சுட்டிக்காட்டினேன். வாட்டம் சரியில்லைதான். அப்போது மாப்பிள்ளை, சித்தாள் கையாள் அத்தனை பேர் முன்னால், “மாமா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க” என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அந்த வீட்டுப் படி மிதிப்பதில்லை என்று அன்றே முடிவு. தனியாகச் சமைத்துச் சாப்பிட உலகம்மாளுக்கு உடம்பு ஒத்துழைக்காமல் ஆனபோது, இருந்த வீட்டை விற்று இந்த இல்லத்தில் இரட்டை அறைக்குப் பணம் கட்டினேன். முடிவை அவளிடம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகிறது.

அவள் கொண்டுவந்து வைத்த முந்திரிக்கொத்தை நான் தொடவில்லை. எறும்பு வந்ததால் இரண்டு சாப்பிட்டேன்.

அக்டோபர் 25, சனி

ஜெனிஷா இன்று நோட்டுகளைப் பார்க்க வந்தாள். குழுவின் அறிக்கையை நான்கு பக்கத்தில் தயாராக வைத்திருந்தேன். நீட்டினேன்.

“சார், இது என்ன?”

“அறிக்கை. குழு சார்பில்.”

“எந்தக் குழு?”

அட்டையைக் காட்டினேன். அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். “ஐயோ, இந்தச் சீட்டு வெளிய தெரியவே கூடாது சார். என் பைல்ல ஒட்ட வேண்டியதை நோட்டுல ஒட்டிட்டேன். மேம் பார்த்தா என்னைக் கொன்னுடுவாங்க.”

“கட்டுப்பாட்டுக் குழு என்றால் என்ன பொறுப்பு என்று சொல்.”

“பொறுப்பா? அது கன்ட்ரோல் குரூப் சார். தமிழ்ல அப்படித்தான் போடுவோம். ஒரு குரூப்புக்குப் பயிற்சி கொடுப்போம். இன்னொரு குரூப்புக்கு ஒண்ணும் கொடுக்காம விட்டுடுவோம். கடைசியில ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். பயிற்சியாலதான் மாற்றம் வந்துச்சான்னு தெரியணும்ல?”

“அப்படியானால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம் சார். சும்மா இருந்தாப் போதும்.”

மாப்பிள்ளை விஷயம் அவளுக்கு எதுவும் தெரியாது. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

பக்கத்து பெஞ்சில் ரத்தினவேல் உட்கார்ந்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்குள் இல்லம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பாப்பாத்தி ரசம் ஊற்றும்போது, “பெருங்காயம் போட்டிருக்கு மெம்பரய்யா” என்றாள்.

அறிக்கையை நான்காகக் கிழித்தேன். அட்டையிலிருந்த சீட்டை உரிக்கப் பார்த்தேன். நல்ல பசை. வரவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

ஒன்றும் நடக்கவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

ஜெனிஷாவுக்குப் போன் செய்து என்னையும் மற்றக் குழுவுக்கு மாற்றச் சொன்னேன். மூன்று நல்லது சொல்ல எனக்கும் தெரியும் என்றேன்.

“இடையில மாத்தினா என் ஆய்வே போச்சு சார்.”

“அப்படியானால் விலகிக்கொள்கிறேன்.”

“தாராளமா விலகலாம் சார். காரணம்கூடச் சொல்ல வேண்டாம். நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே இருக்கு, எப்ப வேணும்னாலும் போகலாம்னு.”

அவள் “சார்? லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். விலகவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். போகலாம் என்று கதவைத் திறந்து வைத்திருப்பவர்களிடமிருந்து எப்படி வெளியேறுவது என்று தெரியவில்லை.

(கடைசி வாக்கியம் நிகழ்ச்சி அல்ல. கணக்கில் எடுக்க வேண்டாம்.)

நவம்பர் 2, ஞாயிறு

காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது உலகம்மாள் சொன்னாள்: “நான் லோசனி வீட்டுக்குப் போறேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“போறேன்னு சொன்னேன். போயிட்டு வாறேன்னு சொல்லல.”

ஒரு சட்டையை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள்.

“வார்டன்ட்ட கேட்டேன். நீங்கதான் எனக்குப் பொறுப்பாளராம். நீங்க கையெழுத்துப் போடாம கேட் தொறக்க மாட்டானாம். போட்டுத் தாங்க.”

இல்லத்தின் விதி அது. சேர்ந்த அன்று அவள் பொறுப்பாளராக நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அவள் போட்டாள். விதி நல்ல விதி.

“மாட்டேன்” என்றேன். “அந்த வீட்டுக்கு நான் வர முடியாது என்று தெரிந்தும் கேட்கிறாய்.”

“ஒங்கள யாரு கூப்பிட்டா?”

அவள் அழவில்லை. முன்பெல்லாம் இந்த இடத்தில் அழுவாள்.

நவம்பர் 3, திங்கள்

வெயில். மருந்து இரண்டு வேளை விட்டேன். பேச்சு இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

மேற்படி.

நவம்பர் 6, வியாழன்

இன்று ஜெனிஷா வந்தபோது தனியாக அழைத்து, “உன் பயிற்சி என் மனைவியைக் கெடுத்துவிட்டது. அவள் உன்னிடம் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்” என்றேன்.

“அதைச் சொல்ல முடியாது சார்.”

“நான் அவளுடைய பொறுப்பாளர்.”

“எனக்கு அவங்க அம்மா, அவ்வளவுதான் சார். அவங்களையே கேளுங்க.” இன்னொரு தடவை கேட்டேன். ஆனால் சொல்லவில்லை. மில்லில் இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

மருந்து விடும் நேரத்தில் உலகம்மாளைக் கேட்டேன். கண்ணை மூடிப் படுத்தபடியே சொன்னாள்.

“மொத வாரம் மூணு கெடைக்கவே இல்ல. ஒண்ணுகூட அகப்படலியே பிள்ளன்னு அழுதேன். மெனக்கெட்டுத் தேடுங்கம்மான்னுச்சு. தேடுனேன். பூக்காரி சத்தம் ரோட்டுல போச்சு, அது ஒண்ணு. லோசனி போன்ல பேசினா. எதுத்த ஸ்கூல் விட்டு பிள்ளைய கத்திக்கிட்டு ஓடிச்சு. தெனமும் சொல்லிச் சொல்லிப் பாத்தா, எல்லாமே கேட்டுக்கு அந்தப் பக்கந்தான் இருக்கு. இந்தப் பக்கம் ஒண்ணையும் காணும்.”

“இந்தப் பக்கம் ஒன்றுமே இல்லையா?”

“ஒரு நா சொன்னேன். நீங்க மருந்து விடும்போது ஒங்க கை ஆடலன்னு.”

இமையை விரித்து ஒரு சொட்டு விட்டேன். அடுத்த சொட்டு கன்னத்தில் விழுந்தது. துடைத்துவிட்டேன். பாட்டிலின் மூக்கு சரியில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

செல்லத்துரை கூப்பிட்டுச் சொன்னான்: “அம்மா போயிட்டாங்கன்னா இரட்டை ரூம் ஒங்களுக்குக் கெடையாதுய்யா. ஆம்பளைங்க பொதுக்கூடத்துலதான் கட்டில். யோசிச்சுக்கோங்க.”

“அவள் போகவில்லை” என்றேன்.

“அவ்வொ பெட்டி கட்டி வச்சிருக்காவளே.”

பெட்டி கட்டியிருப்பது எனக்கும் தெரியும். என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. இரவில் திரும்பிப் படுத்தால் கால் இடிக்கிறது.

நவம்பர் 15, சனி

ஆய்வின் கடைசி நாள். முதல் நாள் வினாத்தாளே மறுபடியும்.

எழுத முடியாதவர்களுக்கு ஜெனிஷா அறைக்கே வந்து வாசித்துக் கேட்டாள். உலகம்மாள் முறை வந்தபோது, “சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. இதை அவங்களே சொல்லணும்” என்றாள். வெளியே நின்றேன். கொடியில் என் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது, அதைத் திருப்பிப் போட்டேன். ஜன்னல் பக்கம்தான் கொடி.

“என் வாழ்க்கை என் விருப்பப்படி நடக்கிறது. இதுக்கு எவ்வளவும்மா? ஒண்ணுல இருந்து ஏழு வரைக்கும்.”

வேட்டியின் மடிப்பை நீவிவிட்டேன். பிறகு உலகம்மாள் கேட்டாள்: “ஒண்ணுக்குக் கீழ ஏதும் இருக்கா பிள்ள?”

“இல்லம்மா. ஒண்ணுதான் கடைசி.”

“அப்ப அதப் போடு.”

அடுத்து என்னையும் அப்படியே வாசித்துக் கேட்டாள். நான் ஏழு, ஏழு என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

“சார், யோசிச்சுச் சொல்லுங்க. அன்னைக்குச் சொன்னதையே சொல்லணும்னு இல்லை.”

“நான் கட்டுப்பாட்டுக் குழு. எனக்கு எதுவும் செய்யப்படவில்லை. எனவே எதுவும் மாறக் கூடாது. அதுதானே உன் ஆய்வுக்கு வேண்டும்?”

“அப்படி ஒரு விதி இல்லை சார். மாறினா மாறினதுன்னே சொல்லலாம்.”

“ஏழு” என்றேன். எழுதிக்கொண்டாள்.

போவதற்கு முன் வராந்தா பெஞ்சில் தாள்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகம் சரியில்லை. என்ன என்று கேட்டேன்.

“மூணு நல்லது சொன்னவங்களுக்கு மார்க் கூடணும் சார். கூடியிருக்கு. ஒரே ஒருத்தருக்கு மட்டும் ஏழுல இருந்து தலைகுப்புற விழுந்திருக்கு. பேர் சொல்ல மாட்டேன். ஆறு வாரத்துல ஒரு மனுஷிக்கு இவ்வளவு மோசமாகுமா? நான் என்ன தப்புப் பண்ணினேன்னு தெரியலை.” கண்ணில் தண்ணீர் நின்றது.

என் துண்டை நீட்டினேன். முதல் தாளை யார் குறித்தது என்று அவள் கேட்கவில்லை.

நோட்டைத் திருப்பித் தர வேண்டிய நாள் இன்று. இன்னும் எழுத வேண்டியது இருக்கிறது, திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள் என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

காலைக் காபிக்கு முன் அலுவலகம் போய்ப் படிவம் கேட்டேன். செல்லத்துரை என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. நெரப்புங்க. மருத்துவம், விசேஷம், அப்படி ஏதாவது.”

‘அவள் விருப்பம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“இப்படியெல்லாம் யாரும் எழுதினதில்லையே.”

“விதியில் தடை இருந்தால் காட்டு” என்றேன். அவனிடம் விதிப் புத்தகம் இல்லை.

அறைக்கு வந்து படிவத்தை உலகம்மாளிடம் கொடுத்தேன். அவள் அதை மூக்குக்கு அருகில் பிடித்து முழுவதும் வாசித்தாள். பிறகு மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, “காபி ஆறிப்போச்சு, குடிங்க” என்றாள். ஆறு வாரத்துக்கு முன் அவள் தாளில் நான் போட்ட ஏழுகளைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

மாப்பிள்ளை காரோடு வந்தார். மகளும் வந்திருந்தாள். இறங்கியவள் நேரே என்னிடம் வந்து, “அப்பா, மெலிஞ்சு போயிட்டிய” என்றாள். இங்கே எடை எந்திரம் ரிப்பேர் என்று சொன்னேன்.

மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றார். தலையில் பாதி நரைத்துவிட்டது. “மாமா, நீங்களும் வாங்க. மாடியில ரூம் இருக்கு. அந்தப் பாத்ரூம் தண்ணி இன்னும் வாசல் பக்கந்தான் வருது. நீங்க சொன்னது சரிதான்” என்றார்.

எத்தனையோ தடவை மனத்துக்குள் அவர் வாயால் நான் சொல்லவைத்த வாக்கியம் அது. கேட்டபின் என்ன செய்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

“எனக்குக் கட்டில் மாற்றுகிற வேலை இருக்கிறது” என்றேன்.

பெட்டியை ஏற்றினார்கள். அப்போது செல்லத்துரை ஒரு தாளோடு வந்தான். “ஒரு சிக்கல் இருக்குய்யா. அம்மா இனி இங்க உள்ளவங்க இல்ல. ஒங்களுக்குப் பொறுப்பாளர் யாருன்னு புதுசா எழுதணும். வெளிய இருக்கவங்க யாராவது. இனிமே நீங்க கேட்டத் தாண்டணும்னா அவங்க கையெழுத்து வேணும்.”

“என் பேரப் போடுங்க” என்றாள் மீனலோசனி. மாப்பிள்ளை பேனாவை எடுத்தார்.

நான் தாளை வாங்கி, பொறுப்பாளர் பெயர் என்ற கட்டத்தில் ஆ. உலகம்மாள் என்று எழுதினேன். கார் கதவுக்கு அருகில் நின்றவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“கையெழுத்துப் போடு.”

“எனக்குக் கை ஆடும்லா.”

“மெதுவாகப் போடு. அவசரம் இல்லை.”

காரின் முன்பக்கத்தில் தாளை விரித்து, காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் பேனாவை இறுக்கிப் பிடித்து, குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள். ‘உ’ பெரிதாக விழுந்தது. ‘ம்மா’ வருவதற்குள் கோட்டைத் தாண்டிவிட்டது. செல்லத்துரை கடிகாரத்தைப் பார்த்தான். நான் பார்க்கவில்லை. கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு நிமிர்ந்து, தான் எழுதியதைத் தானே ஒரு தடவை வாசித்தாள்.

“வெளிய வரணும்னா என்ட்டதான் கேக்கணும் என்ன?” என்றாள்.

“ஆமாம்.”

“கேப்பியளா?”

மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பினார். நான் பதில் சொல்வதற்குள் அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். கண்ணில் தூசி படக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் ஏற்றினாள்.

கேட்டை மூடினார்கள். நான் உள்பக்கம் நின்றேன்.